நரம்பு மாத்திரையை நிறுத்த நினைக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

பாதம் காந்துகிறது, விரல் மரத்துப்போகிறது, இடுப்பிலிருந்து கெண்டைக்கால் வரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறது. இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லாமல் எங்கள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு நாள் கழிவதில்லை. கடை இருப்பது வடசென்னையில், பழைய வண்ணாரப்பேட்டையில். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், காசிமேட்டில் வலை இழுப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், சுகர் வந்து பல வருடம் ஆன பெரியம்மாக்கள் என்று யார் வந்தாலும் கேட்பது "நரம்பு மாத்திரை ஒரு அட்டை". அட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தால் பிரிகாபலின் என்றோ கபாபென்டின் என்றோ போட்டிருக்கும்.

இது கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. சுகரால் வரும் நரம்பு வலி, அக்கி வந்து ஆறிய பிறகும் போகாத எரிச்சல், சில வகை வலிப்பு நோய் ஆகியவற்றுக்கு இது உண்மையாகவே உதவுகிறது. இரவெல்லாம் கால் எரிச்சலில் தவித்தவர்கள் இதைச் சாப்பிட்ட பிறகுதான் தூங்கினார்கள். டாக்டர் இரண்டு மாதத்துக்கு எழுதியது இரண்டு மூன்று வருடமாக ஓடுவதும், அந்தப் பழைய சீட்டையே காட்டிக் காட்டி வாங்குவதும், வலி கூடுகிற நாளில் நாமே ஒன்றை இரண்டாக்கிக்கொள்வதும்தான் சிக்கல். கடைசியில் ஒரு நாள் மாத்திரை இல்லை என்றால் உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழத் தோன்றுகிறது. அப்போதுதான் "இதுக்கு நான் அடிமையாயிட்டேனா?" என்ற பயம் வருகிறது.

அந்தப் பயத்தோடு இருப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டுக்காரர்களுக்கும் இதை எழுதுகிறேன். வெளியே வர முடியும். மெதுவாக வர வேண்டும், ஒரே டாக்டரின் கணக்கில் வர வேண்டும்.

இன்றைக்கே நிறுத்தாதீர்கள்

வீராப்பாக "நாளையிலிருந்து தொடமாட்டேன்" என்று அட்டையைக் குப்பையில் போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மனவுறுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இந்த மருந்தைப் பொறுத்தவரை அதுதான் ஆபத்தான வழி.

காரணம் இதுதான். நரம்பு முனையில் கால்சியம் உள்ளே போகிற வாசல்கள் இருக்கின்றன. கால்சியம் நிறையப் போனால் வலியைக் கடத்தும் ரசாயனங்கள் நிறைய வெளியே வரும். பிரிகாபலினும் கபாபென்டினும் அந்த வாசலின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு கதவை ஒருக்களித்து வைக்கின்றன, வலி குறைகிறது. மாதக்கணக்கில் கதவு அப்படியே இருந்தால் மூளையும் நரம்பும் அதற்கேற்பத் தங்களை மாற்றிக்கொள்கின்றன. ஒரே நாளில் மருந்தை எடுத்துவிட்டால் எல்லா வாசலும் ஒன்றாகத் திறந்துகொள்ளும். தூக்கமின்மை, படபடப்பு, வியர்வை, குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, பழைய வலி இரட்டிப்பாக வருவது எல்லாம் அதனால்தான். சிலருக்கு வலிப்பே வரும். ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களும், அதிக அளவு சாப்பிடுபவர்களும் திடீரென்று நிறுத்தவே கூடாது.

இது உங்கள் ஒருவருடைய பலவீனம் இல்லை. அமெரிக்காவில் 2005-லேயே பிரிகாபலினைக் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். பிரிட்டனில் 2019 ஏப்ரலிலிருந்து பிரிகாபலின், கபாபென்டின் இரண்டுமே கட்டுப்பாட்டில் இருக்கின்றன. பழக்கமாகக்கூடிய மருந்து என்று தெரிந்துதான் அரசாங்கங்களே அப்படிச் செய்தன. ஆகவே டாக்டரிடம் போய்ச் சொல்லும்போது தலை குனிய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரைகளையும் ஒரு துணி விரித்துக் கொட்டுங்கள். சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, கேஸ் மாத்திரை, பழைய அட்டை, பாதி அட்டை, எல்லாம்தான்.

கொருக்குப்பேட்டையிலிருந்து வரும் ஒரு பெரியம்மா அப்படித்தான் ஒரு மஞ்சப்பையைக் கடை மேஜையில் கவிழ்த்தார். தலைசுற்றி இரண்டு முறை விழுந்திருக்கிறார், எதனால் என்று தெரியவில்லை. "இது சுகர் டாக்டர் குடுத்ததுப்பா, இது முதுகு வலிக்கு எலும்பு டாக்டர் குடுத்தது" என்று இரண்டு அட்டைகளைத் தனித்தனியாக வைத்தார். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், கம்பெனியும் வேறு. இரண்டையும் திருப்பினால் இரண்டிலும் பிரிகாபலின் 75. "ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றதும் அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. வேளைக்கு ஒன்று என்று நினைத்து இரண்டாகப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார், அதுவும் காலையிலும் ராத்திரியிலும்.

அதனால் பெட்டிப் பெயரை நம்ப வேண்டாம். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். கண் தெரியவில்லை என்றால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள், இல்லை கடையில் கேளுங்கள். பார்க்க வேண்டியவை இவை:

பிரிகாபலின் அல்லது கபாபென்டின் எத்தனை மி.கி. என்பது முதலாவது. அதோடு வேறு என்ன சேர்ந்திருக்கிறது என்பது அடுத்தது. நம்மூரில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 சத்து சேர்ந்த கேப்சூல்தான் அதிகம் விற்கிறது. நார்ட்ரிப்டிலின் சேர்ந்ததும் உண்டு. நார்ட்ரிப்டிலின் வேறு வகை மருந்து, அதையும் சட்டென்று விடக்கூடாது. பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்று இருந்தால் மெதுவாகக் கரையும் மாத்திரை என்று அர்த்தம். அதை உடைத்தோ கடித்தோ சாப்பிடக் கூடாது. உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும்.

அதன் பிறகு ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எத்தனை மணிக்கு எத்தனை மி.கி. சாப்பிட்டீர்கள், ஏன் சாப்பிட்டீர்கள் என்று எழுதுங்கள். 'ஏன்' என்பதை விட்டுவிடாதீர்கள். கால் எரிந்ததாலா, தூக்கம் வராததாலா, வீட்டில் சண்டை வந்ததாலா, வேலைக்குக் கிளம்ப உடம்பு வணங்காததாலா? வலிக்காக ஆரம்பித்தது எப்போது மனசுக்காக என்று மாறியது என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே உங்களுக்கே தெரிந்துவிடும்.

உங்கள் நிலை எது

டாக்டர் சொன்ன அளவையே நாள் தவறாமல் சாப்பிடுகிறீர்கள், ஒரு வேளை தவறினால் மட்டும் உடம்பு படுத்துகிறது என்றால் உடம்பு மருந்துக்குப் பழகியிருக்கிறது. படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மாதத்துக்கு வாங்கியது இருபது நாளில் தீர்கிறது, ஒரு கடையில் கொடுக்கவில்லை என்றால் அடுத்த கடை, அங்கேயும் இல்லை என்றால் மின்ட் பக்கம் ஒரு கடை என்று அலைகிறீர்கள், வீட்டுக்குத் தெரியாமல் மறைக்கிறீர்கள், மாத்திரை போட்டதும் வரும் லேசான மயக்கத்துக்காகவே போடுகிறீர்கள் என்றால் அளவைக் குறைப்பது மட்டும் போதாது. மனநல டாக்டரும் கவுன்சலிங்கும் கூடவே வேண்டும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. எங்கள் பகுதியில் அதைப் பேசாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை. வலியே இல்லாத இளம்பிள்ளைகள் இந்தக் கேப்சூலை நாலைந்தாகப் போடுவதும், டாபென்டடால் மாதிரியான வலி மாத்திரைகளைக் கரைத்து ஊசியில் ஏற்றுவதும் நடக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த இடத்தில் இருந்தால் கீழே வரும் குறைப்புக் கணக்கு அவனுக்கு உதவாது. நேராக அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ஊசி பகிர்ந்திருந்தால் எச்.ஐ.வி., மஞ்சள்காமாலைக் கிருமி பரிசோதனையும் கேளுங்கள். அடிக்காதீர்கள், அறையில் பூட்டாதீர்கள். பூட்டிய அறைக்குள் வலிப்பு வந்தால் வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது.

எங்கே போவது

மருந்தை எழுதிய டாக்டரிடமே முதலில் போங்கள். "நிறுத்தணும், எப்படிக் குறைக்கிறது?" என்று நேராகக் கேளுங்கள். பல பேர் கேட்காததால்தான் சீட்டு தொடர்கிறது. அவர் நிதானமாகக் கேட்டால் வேறு இடம் தேட வேண்டாம்.

அது முடியவில்லை என்றால் வடசென்னைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே இருப்பது பழைய சிறைச்சாலை சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனை. பொது மருத்துவம், நரம்பியல், மனநலம் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு போடுங்கள். மாத்திரைப் பழக்கம் என்று சொன்னால் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று சீட்டு போடுகிற இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். கூட்டம் இருக்கும். ஒருநாள் கூலி போகும் என்று தெரியும், அதற்குத் தயாராகப் போங்கள். சுகர், பிரஷருக்கு உங்கள் வட்டாரத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து வாங்குபவர்கள் அங்குள்ள டாக்டரிடமும் தொடங்கலாம். 2021-லிருந்து நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் அவரிடமும் சொல்லி வையுங்கள்.

அயனாவரத்தில் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் இருப்பது மனநல மருத்துவமனை. 1794-ல் தொடங்கியது. 'கீழ்ப்பாக்கம்' என்று சொல்லியே ஒருவரை ஒருவர் திட்டிப் பழகிய ஊர் இது, அதனால் அங்கே போக நம் ஜனங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தால் எத்தனையோ பேர் இன்னும் ஒரு வருடம் மாத்திரையோடு இருந்துவிடுகிறார்கள். அங்கே புறநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீட்டுக்குத் திரும்புபவர்கள்தான் அதிகம்.

வெளியே போகவே தயக்கமாக இருந்தால் போனில் தொடங்குங்கள். 14416 என்பது டெலி மானஸ். 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண், தமிழில் பேசலாம், இரவும் பகலும் எடுப்பார்கள். தமிழக அரசின் மருத்துவ உதவி எண் 104. போதைப் பழக்கத்துக்கென்று இருக்கும் தேசிய எண் 14446. எதற்கும் கட்டணம் இல்லை.

தனியார் மறுவாழ்வு மையத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நல்லவையும் உண்டு, ஆளை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போய் மாத்திரையை ஒரே நாளில் பிடுங்குகிறவையும் உண்டு. 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இப்படிப்பட்ட இடங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், டாக்டர் தினமும் வருகிறாரா என்று கேளுங்கள், பிரிகாபலினை எத்தனை நாளில் குறைப்பீர்கள் என்றும் கேளுங்கள். "அதெல்லாம் மூணு நாள்ல நிறுத்திடுவோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது எல்லா அட்டைகளும், நீங்கள் எழுதிய ஒரு வாரத் தாளும், கடைசியாக எடுத்த சுகர் ரிப்போர்ட்டும், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். கிரியாட்டினின் ஏன் என்றால், பிரிகாபலின் உடைபடாமல் சிறுநீரகம் வழியாகவே வெளியேறும் மருந்து. கிட்னி பலவீனமானவர்களுக்கு அது உடம்பிலேயே தங்கிப்போய்ச் சாதாரண அளவே அதிக அளவாகிவிடும். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள்.

குறைக்கும் கணக்கு

எவ்வளவு, எப்போது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் கணக்கு எப்படிப் போகும் என்று தெரிந்திருந்தால் பயம் குறையும் என்பதால் சொல்கிறேன்.

பிரிட்டனில் டாக்டர்களுக்குச் சொல்லியிருக்கும் வழிமுறைப்படி பிரிகாபலினை வாரத்துக்கு 50-லிருந்து 100 மி.கி.க்கு மேல் குறைப்பதில்லை. கபாபென்டின் என்றால் நாலு நாளைக்கு 300 மி.கி.க்கு மேல் குறைப்பதில்லை. இது அதிகபட்ச வேகம். வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கு இதைவிட மெதுவாகப் போவதே நல்லது.

காலை 150, இரவு 150 சாப்பிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு மாத்திரையைத் தொடாமல் காலை மாத்திரையை மட்டும் 150-லிருந்து 100, 75, 50, 25 என்று இரண்டு வாரத்துக்கு ஒரு படி இறக்கி, பிறகு விடலாம். அது முடிந்ததும் இரவு மாத்திரையை அதே மாதிரி. இப்படிப் போனால் ஐந்து மாதம் ஆகும். "அவ்ளோ நாளா?" என்று கேட்பீர்கள். மூன்று வருடமாகச் சாப்பிட்டதற்கு ஐந்து மாதம் அதிகம் இல்லை. தூக்கம் கெடாமல் இருந்தால்தான் மற்றதைத் தாங்க முடியும் என்பதால் இரவு மாத்திரையைக் கடைசிக்கு வைக்கிறார்கள்.

பி12 சேர்ந்த கூட்டுக் கேப்சூலை வைத்துக்கொண்டு இப்படிக் குறைக்க முடியாது. தனிப் பிரிகாபலினாக எழுதித் தரச் சொல்லுங்கள். 75-க்குக் கீழே 50, 25 அளவுகளும் வருகின்றன. எல்லாக் கடையிலும் இருக்காது, முன்கூட்டியே சொன்னால் வரவழைத்துத் தருவார்கள். கேப்சூலைப் பிரித்துப் பொடியைக் கண்ணளவில் பாதியாக்குவது வேண்டவே வேண்டாம்.

எங்கள் ஜனங்கள் எல்லோரும் செய்வது இன்னொன்று இருக்கிறது: ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, மொத்தத்தில் பாதிதானே ஆகிறது என்று. ஆனால் பிரிகாபலின் சாப்பிட்ட ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஒன்றரை நாளில் ஏறக்குறையத் தீர்ந்துவிடும். நாள் விட்டு நாள் போட்டால் உடம்பு ஒரு நாள் நிரம்பி மறுநாள் காய்ந்து போகும். இரண்டு நாளுக்கு ஒருமுறை திடீரென்று நிறுத்திய கதைதான். தினமும் ஒரே நேரம், கொஞ்சம் குறைந்த அளவு, இதுதான் சரி.

ஒரு படி இறங்கியதும் தாங்க முடியவில்லை என்றால் அந்தப் படியிலேயே இன்னும் இரண்டு மூன்று வாரம் நில்லுங்கள். டாக்டரிடம் சொல்லிவிட்டு நில்லுங்கள். மறுபடி பழைய அளவுக்கே ஏறிவிடுவதைவிட நிற்பது எவ்வளவோ மேல்.

எப்போது தொடங்குவது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மகள் கல்யாணம் அடுத்த வாரம் என்றால் வேண்டாம். காசிமேட்டில் விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, கரையில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது. கையில் காசு இல்லாத மாதங்கள் அவை, மனசு சரியாக இருக்காது என்பதும் உண்மைதான். இருந்தாலும் நடுக்கடலில் தலைசுற்றுவதைவிடக் கரையில் தலைசுற்றுவது பரவாயில்லை. தடைக்காலம் முடிந்து பல நாள் தங்கல் போகும்போது புதிதாக ஒரு படி இறங்காதீர்கள். தேவைக்கு மேல் நாலு நாள் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள்.

முதல் வாரங்களில் உடம்பு என்ன செய்யும்

அளவைக் குறைத்த ஓரிரு நாளில் ஆரம்பிக்கும். தூக்கம் கலையும், தலையணை நனைகிற அளவு வேர்க்கும், வயிறு கலங்கும், சின்னச் சத்தத்துக்கும் கோபம் வரும். வலியும் கூடும். "பாத்தியா, மாத்திரை இல்லாம என்னால முடியாது" என்று மனசு சொல்லும் நேரம் இதுதான். குறைத்த சில நாளில் வந்து, ஒன்றிரண்டு வாரத்தில் தானாக இறங்குகிற வலி மருந்து விலகுகிற வலி. அதே அளவில் பல வாரம் இருந்தும் இறங்காமல் கூடிக்கொண்டே போனால் அது நோயின் வலி, டாக்டர் மறுபடி பார்க்க வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதி கஷ்டம் குறைந்த மாதிரி.

சென்னை வெயிலில் இந்த வியர்வையும் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் உடம்பு சீக்கிரம் வற்றிவிடும். உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், ஓ.ஆர்.எஸ். தண்ணீர் குடியுங்கள். கிட்னி, இதயப் பிரச்சினைக்காகத் தண்ணீரையும் உப்பையும் அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவைத் தாண்டாதீர்கள். மதியத்துக்கு மேல் டீ வேண்டாம். சாயங்காலம் வெயில் தணிந்ததும் அரை மணி நேரம் நடங்கள். ராயபுரத்தில் இருந்தால் ராபின்சன் பூங்கா, பெரம்பூர் பக்கம் என்றால் முரசொலி மாறன் பூங்கா. நடந்த அன்றைக்குத் தூக்கம் கொஞ்சமாவது வரும்.

கொஞ்ச நாளைக்கு ஏணி, கிரேன், உயரத்து வேலை வேண்டாம். ஆட்டோ ஓட்டுபவர்கள் ஒரு படி இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு ஆட்டோ அண்ணன் சனிக்கிழமை ராத்திரி ஒரு படி இறங்கி, ஞாயிறும் திங்களும் வீட்டில் இருந்துவிடுவார். அவர் மகள் மாதக் காலண்டர் கட்டங்களில் ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை மி.கி. என்று பேனாவால் எழுதி, சாப்பிட்டதும் டிக் அடிப்பாள். சமையலறைச் சுவரில் தொங்கிய அந்தக் காலண்டரைப் போனில் படம் எடுத்து என்னிடம் காட்டினார். 75 என்று எழுதிய கட்டங்கள் முடிந்து 50 என்று ஆரம்பித்த இடத்தில் சின்னதாக ஒரு பூ வரைந்திருந்தாள்.

உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியவை: வலிப்பு வந்தால், ஆளை எழுப்பவே முடியவில்லை என்றால், மூச்சு மெதுவாகி உதடு நீலமானால், ஆள் சம்பந்தமில்லாமல் குழப்பமாகப் பேசினால். "இனி இருந்து என்ன" என்பது மாதிரியான நினைப்பு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 14416 எந்த நேரமும் இருக்கிறது, ஸ்டான்லியின் அவசரப் பிரிவும் எந்த நேரமும் இருக்கிறது. இந்த வகை மருந்துகள் மனநிலையைக் கெடுக்கலாம் என்பது தெரிந்த விஷயம். அந்த நினைப்பு வந்தது உங்கள் குற்றம் இல்லை.

இவற்றைக் கலக்காதீர்கள்

தூக்கம் வரவில்லை என்று டாஸ்மாக் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் கொடுக்கிற அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகள் வேண்டாம். டிரமடால், டாபென்டடால், கோடீன் இருமல் மருந்து வேண்டாம். இவை ஒவ்வொன்றும் பிரிகாபலினோடு சேர்ந்தால் மூச்சை அமுக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. வயதானவர்களும், நுரையீரல் கெட்டவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எண்ணூர், மணலி காற்றை வருடக்கணக்கில் இழுத்துவிட்டு மூச்சிரைப்போடு இருப்பவர்கள் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

வலியை என்ன செய்வது

மாத்திரையைக் குறைத்துவிட்டு வலியை அப்படியே விட்டால் மறுபடி மாத்திரையிடம்தான் போவோம். அதனால் வலி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

சுகரால் வரும் கால் எரிச்சல் என்றால் முதல் மருந்து சுகரைக் கட்டுக்குள் வைப்பதுதான். மூன்று மாத சராசரி, அதாவது எச்.பி.ஏ.1.சி., எடுத்துப் பாருங்கள். கூடவே பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையும், பேன்டோபிரசோல் மாதிரி கேஸ் மாத்திரையாலும் குறையும். பி12 குறைந்தாலே கால் எரியும், மரத்துப்போகும். நம் ஜனங்களில் நிறையப் பேர் இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறார்கள். எரிச்சலுக்கு டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் என்று வேறு வழிகளும் டாக்டர் கையில் உண்டு, மேலே தடவும் கேப்சைசின் களிம்பும் உண்டு. உணர்ச்சி குறைந்த காலுக்கு எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்குங்கள், தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள்.

மூட்டை தூக்கி இடுப்பிலிருந்து கால் இழுக்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. 2017-ல் ஆஸ்திரேலியாவில் இந்த மாதிரி கால் இழுப்பு வலிக்குப் பிரிகாபலினையும் வெறும் டம்மி மாத்திரையையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். வலி குறைவதில் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. தலைசுற்றல் மாதிரியான தொந்தரவுகள் பிரிகாபலின் குடித்தவர்களுக்குத்தான் அதிகம். பிரிட்டன் வழிகாட்டுதலும் 2020-லிருந்து கால் இழுப்புக்கு இதை எழுத வேண்டாம் என்கிறது. ஆகவே நீங்கள் விடப் பயப்படுகிற மாத்திரை உங்கள் வலிக்கு வேலையே செய்யாமல் இருக்கலாம். பிசியோதெரபி, இடுப்புப் பயிற்சி, தூக்குகிற முறையை மாற்றுவது, இவை மெதுவாகப் பலன் தரும். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்குக் காசு இல்லை. காலில் பலமே போய்விட்டாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ பயிற்சி என்று காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

மாத்திரையை ஒருவர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய மாத்திரையை மட்டும் கொடுங்கள். இது காவல் போடுகிற மாதிரி இருக்கக் கூடாது. "அம்மா, நான் வெச்சிக்கிறேன், நேரத்துக்கு எடுத்துத் தரேன்" என்று பேசி, அவர் சம்மதித்த பிறகு செய்யுங்கள். கோபத்தில் ஏதாவது சொன்னால் அது மருந்து குறைகிற நேரத்துக் கோபம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தவறிக் கூடுதலாகச் சாப்பிட்டுவிட்டால் அதைக் காலண்டரில் எழுதுங்கள், திட்ட வேண்டாம். மறைக்காமல் சொல்ல முடிகிற வீட்டில்தான் குறைப்பு நிற்கிறது.

கடை விஷயத்திலும் ஒரு கோரிக்கை. ஒரே கடையில், டாக்டர் எழுதிய புதுச் சீட்டோடு, பில் போட்டு வாங்குங்கள். இது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து. சீட்டு கேட்கும் கடைக்காரர் உங்களை அவமானப்படுத்தவில்லை. நீங்கள் குறைக்கிறீர்கள் என்று அவரிடம் சொல்லி வையுங்கள். அடுத்த முறை அவசரத்தில் கூடுதலாகக் கேட்டால் "அண்ணே, 50-தானே இப்போ?" என்று அவரே ஞாபகப்படுத்துவார்.

நிறுத்திய பிறகு

மிச்ச அட்டைகளை வீட்டில் வைக்காதீர்கள், கடையிலோ மருத்துவமனையிலோ கொடுத்துவிடுங்கள். சில மாதம் கழித்து வலி வந்து, பழைய ஞாபகத்தில் பழைய அளவையே ஒரேயடியாகப் போட்டால் உடம்பு இப்போது அதைத் தாங்காது, ஆளைச் சாய்த்துவிடும். வேறு எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், கண் ஆபரேஷனுக்குப் போனாலும், "பிரிகாபலின் பழகிப்போய்க் குறைத்து நிறுத்தியிருக்கேன்" என்று ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். அவர் எழுதித் தரும் சீட்டில் அதே மருந்து வேறு பெயரில் இருக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்னாலேயே அட்டையைத் திருப்பிப் படித்துவிடுங்கள்.